பீப் சத்தம் வராத பக்கற்றுகள்

போன வருசம் எங்களில் ஒருத்தியின் சித்தி வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்குத் திரும்பி வரும்போது, பஸ்ஸில் ஒரு காட்போட் பெட்டியும் கூட வந்தது. உள்ளே ஒடியல் மா பக்கற்றுகள். ஒரு கிழமைக்கு முதல்தான் அதே பெட்டியை ஒரு சூப்பர் மார்க்கெற்றில் கொண்டுபோய்க் கொடுத்தவ. மாவில் பிழை இல்லை. நிறையில் பிழை இல்லை. முடிவுத் திகதியும் சரி. பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்த துண்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் எழுதியிருந்தது: பார்கோட் வாசிக்குதில்லை.

"நான் போனில அடிச்சுப் பாத்தனான், வாசிச்சது தானே" என்று சித்தி திரும்பத் திரும்பச் சொன்னா. நாங்களும் எங்கட போன்களில் ஸ்கேன் பண்ணிப் பார்த்தம். ஒவ்வொரு போனிலும் 13 இலக்கமும் சரியாக வந்தது. அப்ப கவுன்ரரில் மட்டும் ஏன் வரேல்லை? அந்தக் கேள்விக்குப் பின்னால் போய் நாங்கள் தெரிஞ்சுகொண்டதைத்தான் இங்கே எழுதுறம். கலைப்பீடத்து ஆக்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்பினம். ஒரு மனிசியின்ர உழைப்பு எந்த இடத்தில் தடக்குப்பட்டு நிற்குது என்று பார்க்கிறதும் எங்கட படிப்புக்குள்ள வாறதுதான்.

எங்கட கருத்தை முதலே சொல்லி விடுறம். வன்னியில் சின்னதாக உற்பத்தி செய்யிற ஆக்களுக்குப் பொதி செய்யப் பழக்குகிற எல்லாரும், அச்சடிச்ச பார்கோட்டைச் சோதிக்கவும் பழக்க வேணும். கடையில் இருந்து பெட்டி திரும்பி வந்த பிறகு இல்லை, லேபிள் அடிக்க முதலே. அதில் பெரும்பகுதிக்கு ஐந்து நிமிசமும் ஒரு அடிமட்டமும் போதும். மிச்சத்துக்கு ஒரு பொதுக் கருவி வேணும். அது இப்ப எங்கட பக்கத்தில் ஒரு உற்பத்தியாளர் போய்ப் பாவிக்கக்கூடிய மாதிரி இல்லை.

பார்கோட் ஒன்றும் புதுச் சாமான் இல்லை. 1974 யூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ட்ரோய் என்ற ஊரில் இருந்த ஒரு சூப்பர் மார்க்கெற்றில் ஒரு சூயிங்கம் பக்கற்றைத்தான் முதன்முதலாக இப்படி ஸ்கேன் பண்ணி விற்றவை. இன்றைக்கு எங்கட ஊர்ச் சின்னக் கடையில் வாங்குகிற பிஸ்கற்றிலும் அதே குடும்பத்துக் கோடுகள்தான் இருக்கு. இலங்கையில் இந்த இலக்கத்தை ஜிஎஸ்1 என்ற சர்வதேச அமைப்பின் இலங்கைக் கிளை கொடுக்குது. அவையின்ர இலக்கங்கள் 479 என்று தொடங்கும். இந்தியாவில் எடுத்தால் 890. 479 என்றால் "இலங்கையில் செய்தது" என்று பலர் நினைக்கினம். அது பிழை. இலக்கத்தைக் கொடுத்தது இலங்கைக் கிளை என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். சாமான் எங்கேயும் செய்யப்பட்டிருக்கலாம்.

சித்தி இலக்கத்தை முறையாகக் காசு கட்டி எடுத்தவ. சிலர் இணையத்தில் இலவசமாகக் கோடு கீறித் தாற தளங்களில் வாயில் வந்த இலக்கத்தைப் போட்டு எடுக்கினம். அந்த இலக்கம் வேறை ஆரின்ரையோ சவர்க்காரத்துக்கு உரியதாக இருக்கலாம். சித்தி அந்தப் பிழை விடேல்லை. அவவின்ர இலக்கம் சரி, அச்சுத்தான் பிழை. அதனால்தான் இந்தக் கதை எங்களை இவ்வளவு உறுத்தினது. செய்ய வேண்டியது எல்லாத்தையும் செய்து, காசும் கட்டின ஒரு ஆளை, கடைசியில் அரை மில்லிமீற்றரும் இல்லாத ஒரு கோடு திருப்பி அனுப்பியிருக்கு.

லேபிளை மேசையில் வைத்துப் பார்த்தபோது நாலு பிழை கண்டுபிடிச்சம்.

முதலாவது நிறம். பனைப் பொருள் என்றபடியால் லேபிள் முழுக்கப் பனங்கட்டி நிறத்தில் அடிச்சிருந்தது. கோடுகளும் அதே செம்மண்ணிறம். பார்க்க வடிவு. ஆனால் கவுன்ரர்களில் இருக்கிற ஸ்கானர்களில் பெரும்பாலானவை சிவப்பு வெளிச்சத்தில்தான் பார்க்கும். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு, செம்மஞ்சள், செம்மண்ணிறம் எல்லாம் வெள்ளை மாதிரி வெளிறிப் போகும். எங்கட கண்ணுக்குக் கோடு, ஸ்கானருக்கு வெறும் தாள். கறுப்பு, கடும் நீலம், கடும் பச்சை என்றால் பிரச்சினை இல்லை. போன் கமரா எல்லா நிறத்தையும் பார்க்கிறபடியால் செம்மண்ணிறமும் அதுக்குக் கோடுதான். சித்தியின்ர போன் பொய் சொல்லேல்லை. கவுன்ரர் கேட்கிற கேள்வி வேறை.

இரண்டாவது அளவு. இந்த 13 இலக்கப் பார்கோட்டில் கோடும் இடைவெளியுமாக மொத்தம் 95 அலகு இருக்கும். ஒரு அலகின் வழமையான அகலம் 0.33 மில்லிமீற்றர். இரண்டு பக்க வெற்றிடத்தோடு சேர்த்தால் முழு அகலம் 37.29 மில்லிமீற்றர். 80 வீதம் வரைக்கும் குறைக்கலாம், அதாவது 29.83 மில்லிமீற்றர். அதுக்குக் கீழே போகக் கூடாது. சித்தியின்ர லேபிளில் அடிமட்டம் வைத்தால் 25 மில்லிமீற்றர்தான் வந்தது. மூலையில் இடம் காணாது என்று அச்சடிச்ச இடத்தில் பிடித்துச் சுருக்கியிருக்கினம்.

மூன்றாவது அந்த வெற்றிடம். கோடுகள் தொடங்க முதல் இடப்பக்கம் 11 அலகும், முடிஞ்ச பிறகு வலப்பக்கம் 7 அலகும் வெறுமையாக இருக்க வேணும். அதை வைத்துத்தான் எங்கே தொடங்கி எங்கே முடியுது என்று ஸ்கானர் பிடிக்கும். எங்கட லேபிளில் இடப்பக்கம் ஒரு பனைமரம் நின்றது. அதின்ர ஓலை முதல் கோட்டில் முட்டிக்கொண்டிருந்தது.

நாலாவது வட்ஸ்அப். பார்கோட்டைப் படமாக அனுப்பியிருக்கினம். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும், கோட்டின் ஓரம் மங்கும். பிறகு அதையே இழுத்துச் சின்னனாக்க, ஒல்லிக் கோடுகள் தடிச்சு இடைவெளி அடைபடும். உற்றுப் பார்த்தால் தெரியும், சும்மா பார்த்தால் தெரியாது.

சரி, இவ்வளவு பிழையோடும் போன் எப்படி வாசிச்சது? போன் செயலியின்ர வேலை எப்படியாவது வாசிக்கிறது. ஒரு நொடிக்குள்ள பல படம் எடுக்கும், நீங்கள் கையை அசைச்சு, வெளிச்சம் பிடிச்சு உதவி செய்வியள், அது ஒருக்கால் பிடிச்சால் போதும். கவுன்ரரில் நிற்கிற பிள்ளைக்கு அந்த நேரம் இல்லை. பின்னால் வரிசை நிற்குது. இரண்டு தரம் இழுத்தும் பீப் வராவிட்டால் 13 இலக்கத்தையும் கையால் தட்ட வேணும். நாளுக்குப் பத்துத் தரம் அப்படி நடந்தால், அந்தச் சாமானைத் தட்டில் வைக்க அந்தக் கடைக்கு விருப்பம் இராது.

இதுக்காகத்தான் தனியாக ஒரு சரிபார்ப்புக் கருவி இருக்கு. ஸ்கானர் "வாசிச்சன், வாசிக்கேல்லை" என்ற இரண்டு பதில்தான் சொல்லும். இந்தக் கருவி எவ்வளவு நல்லாக வாசிக்குது என்று புள்ளி போடும். ஐஎஸ்ஓ 15416 என்ற சர்வதேச நியமப்படி, கோடுகளின் குறுக்கே வேறு வேறு உயரத்தில் பத்துத் தரம் வாசிக்கும். ஒவ்வொரு தரமும் கறுப்பு-வெள்ளை வித்தியாசம், ஓரத்தின் கூர்மை, புள்ளி விழுந்த குறை என்று பல பாடத்துக்குப் புள்ளி. ஓ.எல். பெறுபேறு மாதிரி என்று நினைச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் ஒரு வித்தியாசம். எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்து ஒன்றில் எஃப் என்றால், அந்தத் தரத்துக்கு எஃப்தான். ஆகக் குறைஞ்ச புள்ளியைத்தான் எடுக்கும். பிறகு பத்துத் தரத்தின் சராசரி. 4 தான் ஆகக் கூட. கடைச் சாமானுக்கு 1.5 ஆவது வேணும், அதாவது ஒரு சி.

அந்தக் கருவியின் விலை வீட்டில் மா இடிச்சு விற்கிற ஒரு ஆள் நினைச்சும் பார்க்க முடியாதது. ஆனால் கருவி இல்லை என்று சும்மா இருக்கவும் தேவையில்லை. சித்தியோடு இருந்து நாங்கள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டம். இது கருவிக்குப் பதில் இல்லை. ஆனால் எங்கட நாலு பிழையையும் காசு போக முதலே பிடிச்சிருக்கும்.

முதல் வேலை இலக்கத்தைப் பென்சிலால் சரிபார்க்கிறது. 13ஆவது இலக்கம் சும்மா வாறதில்லை, முதல் 12இல் இருந்து கணக்குப் பார்த்து வாறது. உதாரணத்துக்கு 479123456789 என்று எடுங்கோ. ஒற்றை இடத்து இலக்கங்களைக் கூட்டினால் 33. இரட்டை இடத்து இலக்கங்களைக் கூட்டினால் 32, அதை மூன்றால் பெருக்க 96. இரண்டும் சேர்த்து 129. அடுத்த பத்து 130, அதுக்கு 1 குறையுது. ஆகவே கடைசி இலக்கம் 1. உங்கட லேபிளில் கணக்கு ஒத்து வராவிட்டால் எங்கேயோ ஒரு இலக்கம் மாறிப் போயிருக்கு. கணக்கு ஒத்து வந்தாலும் உங்களுக்குத் தந்த கடிதத்தோடு ஒருக்கால் ஒத்துப் பாருங்கோ, ஏனென்றால் 1உம் 6உம் பக்கத்தில் பக்கத்தில் நின்று இடம் மாறினால் இந்தக் கணக்குக்குத் தெரியாது.

இரண்டாவது, அச்சுக்குக் கோப்பு கொடுக்கும்போது படமாகக் கொடுக்காமல், எவ்வளவு பெருப்பித்தாலும் கோடு உடையாத பீடிஎஃப் கோப்பாகக் கொடுக்கிறது. அளவை அச்சகத்தில் மாற்ற வேண்டாம் என்று எழுதியே கொடுங்கோ. ஸ்ரிக்கர் அடிக்கிற சின்னத் தேர்மல் பிரிண்டர் என்றால் இன்னொரு விசயம் இருக்கு. சாதாரண 203 டிபிஐ பிரிண்டரில் ஒரு புள்ளி 0.125 மில்லிமீற்றர். அதால் 0.33 அகலம் அப்படியே அடிக்க ஏலாது. மூன்று புள்ளிக்கு 0.375 என்று வைத்தால் எல்லாக் கோடும் ஒரே சீராக வரும். இடையில் ஒரு அளவு கேட்டால் ஒரு கோடு இரண்டு புள்ளி, அடுத்தது மூன்று புள்ளி என்று தாறுமாறாக அடிக்கும்.

மூன்றாவது, ஒரே ஒரு மாதிரியை முதலில் அடிப்பிச்சு அடிமட்டம் வைக்கிறது. முழு அகலம் 30 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, 37 என்றால் நிம்மதி. முழு அளவில் அடிச்சால் இடப்பக்கம் 3.6 மில்லிமீற்றரும் வலப்பக்கம் 2.3 மில்லிமீற்றரும் வெறுமையாக இருக்குதோ என்று பாருங்கோ.

நாலாவது எங்களுக்குப் பிடிச்ச சோதினை. சோடினைக்குப் பாவிக்கிற சிவப்புக் கண்ணாடித் தாளை மடிச்சு லேபிளுக்கு மேலே பிடிச்சுப் பாருங்கோ. கோடுகள் கறுப்பாகவே நின்றால் நல்லது. மங்கி மறைஞ்சால் கவுன்ரரிலும் அப்படித்தான். சித்தியின்ர லேபிளில் கோடுகள் அரைவாசிக்கு மேல் காணாமல் போனது. "ஐயோ, இது அப்பவே தெரிஞ்சிருந்தால்" என்றது மட்டும்தான் அவ சொன்னது.

ஐந்தாவது, மாவை நிரப்பி, வாயை ஒட்டின பிறகு பார்க்கிறது. வெறும் லேபிள் சோதினையில் பாஸ் பண்ணும். பக்கற் நிரம்பினதும் சுருக்கம் விழும், அல்லது சீலர் பட்ட மடிப்பு கோட்டுக்கு மேலே வரும். மினுங்குகிற பிளாஸ்ரிக்கில் வெளிச்சம் தெறிக்கும். போத்தலில் ஒட்டுறது என்றால் கோடுகள் ஏணிப்படி மாதிரிப் படுத்திருக்க வேணும், நிமிர்ந்து நின்றால் வளைவில் அந்தக் கோடுகள் மறைஞ்சுபோகும்.

ஆயிரம் லேபிளையும் இப்படிப் பார்க்கத் தேவையில்லை. ரோலின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று எடுத்துப் பார்த்தால் காணும். மை குறைகிறதும் பிரிண்டர் தலையில் ஒரு புள்ளி செத்துப் போறதும் ஒரு இடத்தில் தொடங்கினால் தொடர்ந்து வரும். நடுவில் பிழை என்றால் முன்னுக்குப் பின்னுக்குத் தேடுங்கோ. நேரம் மிச்சம், பிழையும் தப்பாது.

பார்கோட்டுக்கு ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்டால், 2022ஐ நினைச்சுப் பாருங்கோ. யூலையில் எரிபொருள் கியூஆர் வந்த பிறகு வன்னியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அச்சடிச்ச கோட் இருந்தது. மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே மடிச்சு வைத்ததையும், வியர்வையில் நனைஞ்சதையும் அநேகமாக வாசிச்சது. காரணம், கியூஆருக்குள்ளேயே பிழை திருத்துகிற கணக்கு இருக்கு. எந்த மட்டத்தில் செய்தது என்பதைப் பொறுத்து 7 முதல் 30 வீதம் வரை பழுதானாலும் மிச்சத்தை வைத்து மீட்டு எடுக்கும். கடைப் பார்கோட்டுக்கு அந்த வசதி இல்லை. அதின்ர கடைசி இலக்கம் பிழை இருக்கு என்று மட்டும் சொல்லும், திருத்தாது. கோடுகள் உயரமாக இருக்கிறபடியால் ஒரு இடம் கீறுப்பட்டால் மேலேயோ கீழேயோ வாசிக்கலாம், அவ்வளவுதான். கியூஆர் பழக்கத்தில் "போனில் வாசிச்சால் சரி" என்று நாங்கள் எல்லாரும் நம்பிப் போனம். பார்கோட்டில் அந்த நம்பிக்கை காலை வாரி விட்டது.

எங்கட கூட்டத்துக்குள்ளேயே மறுப்பும் வந்தது. "சூப்பர் மார்க்கெற்றுக்கு ஏன் போக வேணும்? சந்தையில் வித்தால் பார்கோட்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்று ஒருத்தன் கேட்டான். அதில் நியாயம் இருக்கு. பெரிய கடைகள் வந்து சின்னக் கடைகள் படுத்ததை நாங்களும் கண்டிருக்கிறம். ஆனால் சந்தையா சூப்பர் மார்க்கெற்றா என்று தீர்மானிக்கிறது சித்தியாக இருக்க வேணும். ஒரு மோசமான அச்சு அதைத் தீர்மானிக்கக் கூடாது. 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடின காலத்தைப் பற்றி எங்கட அம்மாமார் இன்னும் கதைக்கினம். அண்டைக்குச் சாமான் வரவும் இல்லை, போகவும் இல்லை. இன்றைக்குப் பாதை திறந்திருக்கு. தெற்கில் இருந்து வாற லொறியில் இருக்கிற பக்கற்றுகள் எல்லாம் பீப் அடிக்குது. இங்கேயிருந்து போறது அடிக்காவிட்டால் பாதை ஒரு பக்கத்துக்குத்தான் திறந்திருக்கு என்று அர்த்தம்.

இன்னொன்றையும் பாருங்கோ. இந்தப் பிழையில் ஆருக்கு நட்டம்? அச்சடிச்ச இடத்துக்குக் காசு கிடைச்சிட்டுது. கடைக்கு நட்டம் இல்லை, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தது. லேபிள் காசு, பஸ் காசு, மாவின் ஆயுளில் போன நாள் எல்லாம் சித்தியின்ர தலையில். பிழையைச் செய்யாத ஆள்தான் முழுக்கக் கட்டினவ.

அதனால் மூன்று விசயம் கேட்கிறம். ஒன்று, பொதி செய்யப் பயிற்சி கொடுக்கிற திணைக்களங்களும் நிறுவனங்களும் சீலர் மெசினைக் கொடுத்து, படம் எடுத்து முடிக்காமல், மேலே சொன்ன ஐந்து வேலையையும் ஒரு மணித்தியாலப் பாடமாக வைக்க வேணும். தமிழில். இரண்டு, அச்சடிக்கிற ஆக்கள் மாதிரி ஒன்றைக் கொடுத்து, அது ஸ்கானரில் வாசிச்ச பிறகுதான் மிச்சத்தை அடிக்க வேணும். லேபிள் அடிக்கிறவையும் பில்லில் அப்படி எழுதி வாங்குங்கோ. மூன்று, அந்தச் சரிபார்ப்புக் கருவி ஒன்று வன்னியில் பொதுவாக இருக்க வேணும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இருக்கு. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குது. இரண்டில் ஒரு இடத்தில் ஒரு மேசை, ஒரு கருவி, கிழமையில் ஒரு நாள், சின்னக் கட்டணம். மாணவருக்கும் அது செய்முறைப் பாடம். முல்லைத்தீவில் இருந்து கருவாடு அனுப்புகிற ஆளுக்கு அது ஒரு பஸ் பயணம்தான்.

இப்பவே தொடங்க இன்னொரு காரணமும் இருக்கு. 2027 முடியிறதுக்குள்ள கடைக் கவுன்ரர்கள் கியூஆர் மாதிரியான இருபரிமாணக் கோட்டையும் வாசிக்கத் தயாராக வேணும் என்று ஜிஎஸ்1 உலகம் முழுக்க முயற்சி செய்யுது. அது வந்தால் எல்லாரும் லேபிளை இன்னொருக்கால் மாற்ற வேண்டி வரும். சோதிக்கிற பழக்கம் அதுக்கு முதல் வந்திருந்தால் அந்த மாற்றத்தில் எங்கட ஆக்கள் கடைசியாக நிற்க மாட்டினம்.

சித்தி இப்ப லேபிளை மாற்றிப் போட்டா. பனைமரம் மேலே ஏறிட்டுது, கோடுகள் வெள்ளையில் கறுப்பு, அகலம் 37 மில்லிமீற்றர். திரும்பக் கடைக்குக் கொண்டுபோக முதல் ஒவ்வொரு ரோலிலும் மூன்றை எடுத்துச் சிவப்புத் தாளுக்குள்ளால் பார்க்கிறா. அந்தத் தாளும் ஒரு அடிமட்டமும் அவவின்ர மேசை லாச்சிக்குள் கிடக்குது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் உங்கட வீட்டில் ஆரும் லேபிள் அடிக்க யோசிச்சால், அடிக்க முதல் ஒரு மாதிரியை வாங்கி நீங்களே இந்த ஐந்தையும் செய்து பாருங்கோ. அம்மாவுக்கும் பழக்கி விடுங்கோ.